உயர்தரம் படிக்கும் பிள்ளைகளோடு கதைத்துப் பார்த்தீர்களா? அனுபவத்தை எழுதுங்கள்

திருமலை டவுன், போட்டோகொப்பிக் கடைக்காரர்:

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு போனைத் தவிர ஒன்றும் தெரியாது" என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். என் கடை திருகோணமலை டவுனில், டியூசன் வகுப்புகள் நடக்கும் ஒழுங்கையில் இருக்கிறது. பாஸ்ட் பேப்பர் கொப்பி எடுக்க வரும் பிள்ளைகள் மெசின் ஓடி முடியும்வரை கவுண்டரில் சாய்ந்து நின்று கதைப்பார்கள். நான் காது கொடுத்துக் கேட்பேன். அதில் ஒரு பிள்ளையைப் பற்றி எழுத வேண்டும். 2024இல் உயர்தரம் எழுதியவள், கலைப் பிரிவு, அரசியல் விஞ்ஞானமும் ஒரு பாடம்.

அந்த வருடத்துப் பிள்ளைகள் பட்ட பாட்டை முதலில் நினைத்துப் பாருங்கள். கொரோனாவில் வீட்டுக்குள் இருந்து படித்தார்கள். 2022 மே மாதம், பெற்றோல் வரிசைக்கும் மின்வெட்டுக்கும் நடுவில் சாதாரண தரம் எழுதினார்கள். 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், நவம்பர் 25 உயர்தரப் பரீட்சை. தொடங்கின கையோடு மழை வெள்ளம் என்று பரீட்சையையே இடைநிறுத்தி, டிசம்பர் 4ஆம் திகதிதான் திரும்பத் தொடங்கினார்கள். "அங்கிள், எங்களுக்கு ஒரு பரீட்சையாவது ஒழுங்காக நடந்திருக்கா?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது?

அவள் பாடசாலையின் மாணவர் பாராளுமன்றத்தில் ஒரு அமைச்சர். எந்தப் பாடசாலை என்று எழுதப் போவதில்லை. இந்தக் கதை பல இடத்துக்கும் பொருந்தும். ஒருநாள் ஒற்றை ரூல் தாளில் எழுதிய பிரேரணை ஒன்றைக் கொண்டுவந்தாள். மூன்று பந்தி. முதலாவது, இடைவேளையில் நூலகத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்பது. மூன்றாவது, பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும் என்பது. நடுப்பந்தியை மூலைக்கு மூலை சிவப்புப் பேனையால் வெட்டியிருந்தார்கள். வெட்டின கோட்டுக்குள்ளால் வாசித்தேன். வகுப்பில் முடிக்காத அலகை அதே ஆசிரியர் பின்னேரம் காசு வாங்கிக்கொண்டு டியூசனில் முடிப்பது ஏன், டியூசனுக்குப் போக வசதியில்லாத பிள்ளை என்ன செய்வது என்று கேட்டிருந்தாள். ஒரு மரியாதைக் குறைவான சொல் இல்லை. பிரேரணையை முதலிலேயே பொறுப்பாசிரியரிடம் காட்ட வேண்டுமாம், அவர் வெட்டிவிட்டார். தண்ணீருக்கும் நூலகத்துக்கும் மட்டும் சபையில் கை தூக்கினார்களாம். அந்தத் தாளை அப்படியே, சிவப்புக் கோட்டோடு, கலரில் கொப்பி எடுத்துத் தரச் சொன்னாள். பத்திரமாக வைத்திருக்கப் போகிறாளாம். நான் காசு வாங்கவில்லை.

அரசியலுக்கு வருவோம். அவர்கள் வீட்டில் நாலு வாக்கு. ஜனாதிபதித் தேர்தலில் அப்பா சங்குக்கு, அதாவது தமிழ்ப் பொது வேட்பாளருக்கு. அம்மா சஜித்துக்கு, அண்ணா அநுரவுக்கு. இவள் தான் யாருக்குப் போட்டேன் என்று வீட்டிலும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. மாவட்டத்தில் சஜித் முந்தினார், நாட்டில் அநுர வென்றார். பிறகு பாராளுமன்றத் தேர்தலில் திருகோணமலையின் நாலு ஆசனத்தில் அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. கடையில் நின்ற பெரியவர்கள் எல்லாம் தமிழ் எத்தனை, முஸ்லிம் எத்தனை, சிங்களம் எத்தனை என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். இவள் கொப்பித் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "நாலு பேரில் ஒரு பொம்பிளைகூட இல்லை. அதை ஒருத்தரும் கதைக்கிறீங்கள் இல்லையே."

"பிள்ளை, பரீட்சை வருது, அதைப் பார்" என்றார் நின்றவர்களில் ஒருவர். "ஐயா, பரீட்சையில பிரதிநிதித்துவம் என்றால் என்ன என்றுதான் கேப்பினம்" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. வாக்குப் போடும் வயது வந்த பிள்ளை. ஜனாதிபதியைத் தெரிவு செய்ய விடுகிறோம், வாய் திறந்தால் பாடத்தைப் பார் என்கிறோம்.

கலாசாரம் பற்றி அவள் சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். 2024 ஜனவரியில் அப்போதைய கிழக்கு மாகாண ஆளுநர் சம்பூரில் ஜல்லிக்கட்டு நடத்தினார், டவுனில் 1008 பானையில் பொங்கலும் நடந்தது. பொங்கல் பொங்கியது நல்லதுதான் என்றாள். ஆனால் சம்பூர் சனம் 2006இல் இடம்பெயர்ந்து, கிட்டத்தட்டப் பத்து வருடம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பிய சனம். அந்தப் பக்கத்து ஊர்களில் கூத்துத் தெரிந்த வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட்டு ஒரு மேடை போட ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை, தமிழ்நாட்டில் இருந்துதான் நமக்கு விழா வர வேண்டுமா என்று கேட்டாள். அன்று ஜல்லிக்கட்டு பார்க்கப் போன சனத்தின் சந்தோசத்தை நான் நேரில் கண்டவன், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கூத்தைப் பற்றி அவள் கேட்டது மட்டும் நூறு வீதம் சரி. நவராத்திரி முடிவில் நம் தெருக்களில் வரும் கும்பத்தை எடுத்துப் பாருங்கள். ஊர் ஊராகப் பெடியன்கள் தாங்களே காசு சேர்த்துச் செய்கிறார்கள். எந்த ஆளுநரும் தொடக்கி வைத்த விழா இல்லை அது.

உங்களிடம் இப்படிக் கதைத்த பிள்ளைகள் இருந்தால் எழுதுங்கள்.

கிண்ணியா, ஓய்வு பெற்ற ஆசிரியை:

எழுதியதற்கு நன்றி. எனக்கு ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். தொழில்நுட்பப் பிரிவு, 13ஆம் தரம். அதிகம் கதைக்க மாட்டான்.

எங்கள் ஊருக்கு வந்தவர்களுக்குத் தெரியும், கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். 2009இல் திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம் என்றார்கள். அதற்கு முன் டவுனுக்குப் போவதென்றால் பாதையில், அதாவது சனத்தை ஏற்றிக் கடத்தும் படகில், ஏறிக் கடக்க வேண்டும். பாலம் திறந்தபோது வயதானவர்கள் நடந்தே அக்கரை போய் வந்தார்கள். சரி, அது எங்கள் பெருமை.

ஆனால் குறிஞ்சாக்கேணியில் சின்னப் பாலம் வேலை நடந்துகொண்டிருந்தபோது சனம் படகுப் பாதையில்தான் போய் வந்தது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன சிறு பிள்ளைகளும் மௌத்தானார்கள். இந்தப் பையன் அதே பாதையில் போய் வந்து படித்தவன். அன்றைக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

ஒருமுறை வகுப்பில் "எனது எதிர்கால இலட்சியம்" என்று வழக்கமான கட்டுரை கொடுத்தார்களாம். எல்லாரும் வைத்தியர், பொறியியலாளர் என்று எழுத, இவன் ஒரு பாலம் கட்ட வேண்டுமென்றால் யார் யாரிடம் என்னென்ன அனுமதி எடுக்க வேண்டும், நகர சபை எது செய்யும், மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் எது செய்யும், கொழும்பு எது செய்யும் என்று எழுதியிருக்கிறான். என்னிடம் கொண்டுவந்து காட்டினான். எத்தனையோ கட்டுரை திருத்தினவள் நான், அப்படி ஒன்றைக் கண்டதில்லை. கடைசியில் எழுதியிருந்தான்: தேர்தல் மேடையில் பாலம் தருவேன் என்று சொல்பவரிடம் "எந்த நிதியில், எந்த மாதம் வேலை தொடங்கும்" என்று கேட்காமல் கை தட்டக் கூடாது என்று. அவன் வாப்பா மீன் வியாபாரம். வீட்டில் அரசியல் கதைப்பதே இல்லையாம்.

அவனுக்கு எத்தனை புள்ளி போட்டார்கள் என்று கேட்டேன். தலைப்பை விட்டு விலகியதாகக் குறைத்துவிட்டார்களாம். அதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

லண்டன், சொந்த ஊர் திருகோணமலை உவர்மலை:

நான் விடுமுறைக்கு வந்தபோது மருமகனோடு பின்னேரம் கடற்கரைக்குப் போவேன். கணிதப் பிரிவு, 2006இல் பிறந்தவன். மற்ற மாமாக்களைப் போல நானும் "இங்கிலாந்து வாறியா" என்று கேட்டேன். மொறட்டுவப் பல்கலைக்கழகம் கிடைத்தால் வரமாட்டேன் என்றான். அதோடு அந்தக் கதை முடிந்தது.

காந்தி சிலைப் பக்கம் வந்ததும் அவன் கேட்டான்: "மாமா, 2006 ஜனவரி 2 உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" எப்படி மறக்கும். இதே கடற்கரையில் ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவன் சின்ன வயதில் ஒரு ஜனவரி 2இல் அங்கே விளக்கேற்றுவதைக் கண்டு வீட்டில் கேட்டிருக்கிறான், "படிக்கிற வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டார்களாம். பிறகு தானே தேடி வாசித்திருக்கிறான். 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லையென்று குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் விடுவித்ததுவரை எல்லாம் தெரியும். "அநுராதபுரத்துக் குளம் எல்லாம் வரலாற்றுப் புத்தகத்தில இருக்கு மாமா. எங்கட வீட்டில இருந்து நடந்து வாற தூரத்தில நடந்தது இல்லை" என்றான்.

அவன் வாயில் வெறுப்பு இல்லை. அதே மணலில் அவனோடு வொலிபோல் விளையாடும் சிங்களப் பெடியன்கள் இருக்கிறார்கள், பாதிச் சிங்களம் பாதி இங்கிலீசில் சத்தம் போட்டு விளையாடுவார்கள். "அவங்களுக்கும் ஒண்டும் தெரியாது. அவங்கட பள்ளிக்கூடத்திலயும் சொல்லித் தரேல்ல. நான் சொன்னால் என்ன நினைப்பாங்களோ தெரியாது, ஆனால் சொல்ல வேணும்" என்றான். அன்று இருட்டும்வரை மணலில் இருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். 83, 85 கலவரங்கள், இடம்பெயர்ந்தது, யார் யார் வீட்டில் ஒளிந்திருந்தோம் எல்லாம். எங்களைத் தன் வீட்டில் வைத்திருந்த சிங்களக் குடும்பத்தைப் பற்றியும் சொன்னேன். அவன் ஒரு கேள்விகூடச் சும்மா கேட்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் வருடம் கேட்டான், தெருப் பெயர் கேட்டான்.

பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் வீடுகளில் வாய் மூடி இருக்கிறோம். அவர்களோ நாலு இடத்தில் துண்டு துண்டாக வாசித்து, எது உண்மை எது பொய் என்று தனியே இருந்து யோசிக்கிறார்கள்.

13ஆம் தரம், உயிரியல் பிரிவு:

இதில் எழுதலாமா என்று தெரியவில்லை. எங்களைப் பற்றித்தானே, எழுதுகிறேன். டியூசனை மட்டும் குறை சொல்லாதீர்கள். நானும் மூன்று பாடத்துக்கும் போகிறேன், போகாவிட்டால் பாடவிதானம் முடியாது. நாங்கள் அங்கேதான் மற்றப் பாடசாலைப் பிள்ளைகளைக் காண்கிறோம். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் இருப்பது எனக்கு முதன்முதலில் டியூசனில்தான் நடந்தது. பாடசாலைகள் தனித்தனி. இதை யாரும் பிரச்சினையாகவே பார்ப்பதில்லை.

அடுத்தது வெட்டுப்புள்ளி, அதாவது பல்கலைக்கழகம் கிடைக்க எடுக்க வேண்டிய குறைந்தபட்சப் புள்ளி. எங்கள் பிரிவில் பல்கலைக்கழக அனுமதி திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம். திருகோணமலையும் பின்தங்கிய மாவட்டம்தான். கொழும்பிலிருக்கும் சொந்தக்காரர்கள் "உங்களுக்கு லேசு" என்பார்கள். அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். டவுனில் இருக்கும் எனக்கும், வெருகலிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கிப் படிக்கும் என் வகுப்புத் தோழிக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. அவள் ஊரில் உயிரியல் வகுப்பு இருந்திருந்தால் அறை வாடகையும் கடைச் சாப்பாடும் அவளுக்குத் தேவையில்லை. பின்தங்கிய மாவட்டத்துக்குள் இன்னும் பின்தங்கிய இடம் இருக்கிறது. இந்த ஒதுக்கீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் பல்கலைக்கழக வாசலில் மட்டும் நீதி கொடுத்தால் போதாது, ஆறாம் தரத்திலிருந்தே கொடுக்க வேண்டும்.

அந்த அக்காவின் நடுப்பந்தியைப் பற்றி வகுப்பில் கதைத்தோம். எங்கள் மாணவர் பாராளுமன்றத்திலும் அதையே கொண்டுவரப் பார்க்கிறோம். கிண்ணியாப் பையனின் கட்டுரை கிடைத்தால் வாசிக்க ஆசை. கதைக்க இடம் இல்லை என்பதுதான் எங்கள் பெரிய பிரச்சினை. வீட்டில் படி, பாடசாலையில் பேசாதே, டியூசனில் நேரமில்லை. போயா நாளில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், எங்களுக்கு வகுப்பு இல்லை. பின்னேரம் நாலு மணிக்குக் கடற்கரையில் ஏழெட்டுப் பேர் இருப்போம். பெரியவர்கள் வரலாம், அறிவுரை இல்லாமல் வாருங்கள்.

கிண்ணியா, ஓய்வு பெற்ற ஆசிரியை:

மகள், அடுத்த போயாவுக்கே வருகிறேன். கட்டுரை எழுதின பையனிடமும் கேட்டேன், உம்மாவிடம் சொல்லிவிட்டு வருவானாம். மகரிபுத் தொழுகைக்கு முன் அவனை பஸ் ஏற்றிவிட வேண்டும், அதனால் நாலு மணி என்றால் நாலு மணிக்கே தொடங்குங்கள்.

திருமலை டவுன், போட்டோகொப்பிக் கடைக்காரர்:

கட்டுரையை என்னிடம் கொடுத்துவிடுங்கள் டீச்சர், வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு கொப்பி எடுத்து வருகிறேன்.