கையடக்க கேமரா கைக்கு ஒத்துவருமா என்று எப்படிப் பார்ப்பது?

மாலைவெயில்:
வணக்கம். சின்ன கேமரா ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். பழைய மாடலாக இருந்தாலும் பரவாயில்லை. அலசியதில் இரண்டு மிஞ்சியிருக்கின்றன: சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3, ரிக்கோ ஜிஆர் 3. படத்தின் தரம் பற்றி எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். சோனியில் 1 அங்குல சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), ரிக்கோவில் அதைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி, சரி, அது புரிகிறது. கையில் வைத்து வேலை செய்யும்போது எப்படி இருக்கும் என்பதைத்தான் யாரும் விவரமாகச் சொல்வதில்லை, ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே நண்பர்களிடம் இருக்கின்றன, கொஞ்ச நேரம் வாங்கிப் பார்க்கலாம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? பெரும்பாலும் நடந்துகொண்டே தெருவையும் ஆட்களையும் எடுப்பேன், இடது கையில் எப்போதும் ஒரு பை இருக்கும்.

குறுநடை:
இடது கையில் பை என்றீர்களே, அதிலிருந்தே தொடங்குங்கள். மேசை மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வலது கையால் மட்டும் எடுத்து, ஆன் செய்து, ஒரு படம் எடுத்து, அணைத்து, மறுபடி உள்ளே வையுங்கள். இதில் எத்தனை தடவை கேமராவைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். ஜிஆர் 3 ஒரு விநாடிக்குள் தயாராகிவிடும், சோனியின் ஜூம் லென்ஸ் நீண்டு வர அதைவிடக் கொஞ்சம் நேரமாகும்.

அப்புறம் பிடி. சோனியின் முன்பக்கம் வழவழப்பான உலோகம், விரலுக்குப் பிடிமானமாக ஒரு மேடுகூட இல்லை. ஒட்டிக்கொள்ளும் பிடி ஒன்றை சோனியே தனியாக விற்பது அதனால்தான். நல்ல வடிவமைப்புக்கு அப்படி ஒரு ஒட்டுவேலை தேவைப்படக் கூடாது என்பது என் கருத்து. ஜிஆரில் வலது பக்கம் ரப்பர் பதித்த மேடு உண்டு, நடுவிரல் தானாகப் போய் அதில் உட்காரும். தடிமனையும் பாருங்கள்: சோனி 41 மி.மீ., ஜிஆர் 33 மி.மீ. அகலத்தில் ஜிஆர்தான் கொஞ்சம் பெரியது, ஆனால் பாக்கெட்டில் துருத்திக்கொண்டு நிற்பது தடிமன்தானே.

இதையெல்லாம்விட முக்கியம், நீங்கள் அடிக்கடி மாற்றும் அமைப்பு எந்த விரலுக்கு எட்டுகிறது என்பது. தெருவில் எடுப்பவருக்கு அது பெரும்பாலும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது. முந்தைய மாடலான ஜிஆர் 2-வில் அதற்கென்றே கூட்டல் கழித்தல் பட்டன் கட்டைவிரலுக்கு நேராக இருந்தது. ஜிஆர் 3-இல் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது பின்பக்கம் மேலே இருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ள வேண்டும். பழைய ஏற்பாடுதான் சரி என்று இன்றும் சொல்வேன். சோனியில் பின்சக்கரத்தின் கீழ்ப்பக்கத்தை அழுத்திவிட்டுச் சுற்ற வேண்டும், இரண்டு அசைவு. ஒரு கையால், நடந்துகொண்டே, இரண்டு கேமராவிலும் செய்து பாருங்கள்.

ஜிஆரில் இன்னொன்று: ஷட்டர் பட்டனை ஒரே மூச்சில் முழுக்க அழுத்தினால், ஃபோகஸைத் தேடிக்கொண்டிருக்காமல் நீங்கள் முன்பே வைத்த தூரத்துக்கு, உதாரணமாக 2 மீட்டருக்கு, போய்ப் படத்தை எடுத்துவிடும். உங்கள் வேலைக்கென்றே செய்தது போல.

நிழற்கூடு:
ஒரு கை விஷயத்தில் குறுநடை சொல்வது சரிதான், ஆனால் வெயிலை விட்டுவிட்டார். இரண்டையும் உச்சி வெயிலில் வெளியே கொண்டுபோய், திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள். ஜிஆரில் வியூஃபைண்டரே (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல்) கிடையாது, திரை தெரியவில்லை என்றால் குத்துமதிப்பாகத்தான் எடுக்க வேண்டும். மார்க் 3-இல் உள்ளேயிருந்து எழும்பி வரும் வியூஃபைண்டர் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் கொக்கியைத் தள்ளினால் மேலே வரும், பிறகு கண்வைக்கும் பகுதியை நம் பக்கம் இழுக்க வேண்டும். இதற்கு இரண்டு கையும் வேண்டும், உண்மை. அதை உள்ளே அமுக்கினால் கேமராவும் அணைந்துவிடும், சிலருக்கு அது எரிச்சல். இருந்தாலும் கண்ணோடு ஒட்டி வைத்து எடுப்பதில் வரும் நிதானம் திரையைப் பார்த்து எடுப்பதில் வராது. கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியோடு பாருங்கள், நான்கு மூலையும் தெரிகிறதா என்று.

மெனுவை வைத்து மட்டும் அவசரப்பட்டு எதையும் ஒதுக்காதீர்கள். பட்டன்களுக்கு நமக்கு வேண்டிய வேலையைக் கொடுத்துக்கொள்ளலாம். ஜிஆரின் டயலிலேயே நம் அமைப்புகளைச் சேமித்து வைக்க மூன்று இடம் இருக்கிறது.

தூரத்துமரம்:
பேட்டரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுவனம் சொல்லும் கணக்கு ஜிஆர் 3-க்குச் சுமார் 200 படம், சோனிக்கு 320. நாள் முழுக்க வெளியே சுற்றுபவர் என்றால் ஜிஆரோடு இன்னொரு பேட்டரியும் பையில் இருந்தே ஆக வேண்டும். மழையை இரண்டுமே தாங்காது.

மாலைவெயில்:
இவ்வளவு விவரத்தை எதிர்பார்க்கவில்லை, மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: சோனியில் லென்ஸைச் சுற்றி இருக்கும் வளையம் உண்மையில் பயன்படுமா, ஜிஆரிலும் அப்படி ஒன்று தெரிகிறதே?

குறுநடை:
ஜிஆரில் இருப்பது வெறும் மூடி வளையம், கழற்றிவிட்டு வைட் லென்ஸுக்கான அடாப்டரை மாட்டத்தான். சோனி வளையம் வேலை செய்யும், அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பளவு), ஜூம் என்று எதற்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும், எத்தனை படி நகர்ந்தது என்று விரலுக்குத் தெரியாது, திரையைப் பார்த்தால்தான் தெரியும். கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 2-வில் இதற்கென்றே ஒரு சின்ன நெம்புகோல் வைத்தார்கள்: ஒரு பக்கம் தள்ளினால் வளையம் படிப்படியாக ‘டிக் டிக்’ என்று நகரும், மறுபக்கம் தள்ளினால் வழுக்கும். அருமையான யோசனை. எப்படியும் வளையத்தைச் சுற்ற இடது கை வேண்டும், உங்கள் இடது கையில்தான் பை இருக்கிறதே. வளையத்தை விட்டுவிடுங்கள், கட்டைவிரலுக்கு எட்டுவதை மட்டும் பாருங்கள்.