இரவுக் கூத்து எடுக்க எந்த காம்பாக்ட் கேமரா? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. திருவண்ணாமலைப் பக்கம் தெருக்கூத்துகளைப் படமெடுக்கிறேன். பெரிய கேமராவைத் தூக்கினால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளுக்கு மறைக்கும். அதனால் பைக்குள் அடங்கும் கேமரா தேடுகிறேன்.

சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3, இரண்டும் மனதில் உள்ளன. இரண்டிலும் 1 அங்குல சென்சார்தான். சோனியில் 200 மி.மீ. வரை ஜூமும் வியூஃபைண்டரும் உண்டு. ஆனால் லென்ஸ் திறப்பு எஃப்/2.8-ல்தான் தொடங்குகிறது (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்). கேனான் 100 மி.மீ.யோடு நின்றாலும் எஃப்/1.8 தருகிறது, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம். எனக்கு அந்த வெளிச்சம்தான் பெரிதாகப் படுகிறது.

கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நின்று பேசும்போது எதுவும் போதும். துரியோதனன் வேஷம் கிறுகிறுவென்று சுற்றும்போதுதான் சிக்கல். ஷட்டர் 1/250 நொடியைவிட மெதுவானால் கிரீடமே கலங்கிவிடும். ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவை) ஏற்றினால் அரிதாரச் சிவப்பில் புள்ளி விழும். ஸ்டெபிலைசேஷன் நம் கை நடுக்கத்துக்குத்தான், ஆடுபவருக்கு உதவாது. ஃபிளாஷ் போட்டு ஆட்டத்தைக் கெடுக்க மனமில்லை.

இவற்றை டியூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: ஐஎஸ்ஓ 3200-ல் ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) தேறுமா? மெக்கானிக்கல் ஷட்டரில் எடுத்தால் விளக்கின் துடிப்பால் படத்தில் விழும் குறுக்குப் பட்டைகள் குறைகின்றனவா? இரவில் எடுத்த படம் இருந்தால் சுருக்காமல் அனுப்புங்கள். பாரதக் கூத்து தொடங்குவதற்குள் வாங்கியாக வேண்டும்.