லேப்டாப்பில் பளிச், போனில் மங்கல்: பின்னணிப் பட அளவில் நீங்கள் பார்த்த சிக்கல்கள்

பிக்சல்பித்தன்:
இணையப் பக்கத்தின் பின்னணியில் வைத்த 1920×1080 படம் போனில் மட்டும் மங்குகிறது என்ற புகாருக்குக் கணக்குப் போட்டால் விடை தெரிந்துவிடும். நிறைய ஆண்ட்ராய்டு போன்களில் உலாவி பார்க்கும் திரை 360×800. அடர்த்தி 3 என்றால், அதாவது உலாவியின் ஒரு பிக்சலுக்கு நீள அகலத்தில் மும்மூன்று திரைப் புள்ளிகள் என்றால், உண்மையான புள்ளிகள் 1080×2400. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில், இடம் முழுவதையும் படத்தால் மூடச் சொல்லும் 'பேக்ரவுண்ட்-சைஸ்: கவர்' கொடுத்ததும் 1080 உயரப் படம் 2400க்கு இழுபடும், மங்காமல் என்ன செய்யும்? அகலத்திலும் கால்வாசிதான் தெரியும். இதற்காக 4கே படம் ஏற்றுகிறவர்கள் உண்டு. முக்கால்வாசி வெட்டுப்படப் போகும் படத்துக்கு டேட்டா தண்டம். நெட்டுவாக்கில் தனிப் படம் வெட்டி, மீடியா குவெரியில் (திரைக்கு ஏற்ப சிஎஸ்எஸ்ஸை மாற்றும் நிபந்தனை) 'ஓரியன்டேஷன்: போர்ட்ரெய்ட்' என்று கொடுங்கள். 1080×2400 தேவையில்லை, 720×1600 வெப்பி (சிறிய கோப்பாகச் சுருக்கும் பட வடிவம்), தரம் 75 போதும்.

வைகைக்கரை:
தனிப் படம் வெட்ட வழியில்லை என்றால், படத்தின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று சொல்லும் 'பேக்ரவுண்ட்-பொசிஷன்'ஐயாவது பாருங்கள். முகம் படத்தின் இடது ஓரத்திலிருந்து 70%இல் இருக்கிறது என்று '70% சென்டர்' போடுவார்கள். முகம் நடுவுக்கு வராது, திரையிலும் 70%இல்தான் நிற்கும். படத்தின் 70% புள்ளியைப் பெட்டியின் (படம் நிரம்பும் இடம்) 70% புள்ளியோடு சேர்ப்பதுதான் அந்த எண்ணின் வேலை. மேலே சொன்ன போனில் உலாவியின் பிக்சல் கணக்கில் படம் சுமார் 1422 அகலத்துக்கு விரியும், பெட்டியோ 360. முகம் நடுவில் நிற்க 77% கொடுக்க வேண்டும்.

சிஎஸ்எஸ்சாமி:
கவரை 'பாடி'யில், அதாவது பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் தாங்கும் டேக்கில், கொடுப்பதுதான் பெரிய வில்லங்கம். அதற்கு வெளியே இருக்கும் 'எச்டிஎம்எல்' டேக்குக்குத் தனிப் பின்னணி இல்லாவிட்டால் பாடியின் படம் முழுப் பக்கத்துக்கும் போய்விடும். பக்கம் 5000 பிக்சல் நீளம் என்றால் படமும் அந்த உயரத்துக்கு ஊதும். உருட்டினாலும் படத்தை நகராமல் நிறுத்தும் 'அட்டாச்மென்ட்: ஃபிக்ஸ்டு' கணினியில் இதைச் சரிசெய்யும், ஐபோன் சஃபாரியில் நம்ப முடியாது. 'பாடி::பிஃபோர்' (சிஎஸ்எஸ்ஸே உருவாக்கும் கூடுதல் பெட்டி) ஒன்று வைத்து, காலி 'கன்டென்ட்', 'பொசிஷன்: ஃபிக்ஸ்டு', 'இன்செட்: 0', 'இசட்-இண்டெக்ஸ்: -1' கொடுத்து படத்தை அதில் போடுவதே நிம்மதி. அட்ரஸ் பார் மறையும்போது படம் துள்ளினால் உயரத்தை '100எல்விஎச்' (அட்ரஸ் பார் மறைந்தபோது இருக்கும் முழு உயரம்) ஆக்குங்கள்.

வைகைக்கரை:
அதோடு, பின்னணி அமைப்புகளை எல்லாம் ஒன்றாக எழுதும் 'பேக்ரவுண்ட்' சுருக்க வரி 'பேக்ரவுண்ட்-சைஸ்'க்குக் கீழே வந்தால் சைஸ் பழையபடி 'ஆட்டோ' (படத்தின் சொந்த அளவு) ஆகிவிடும். 'சென்டர் / கவர்' என்று ஒரே வரியில் எழுதுங்கள். சாய்கோடு விட்டுப்போனால் அந்த வரி முழுக்கச் செல்லாது, படமே வராது.

நடுநிசி:
பக்கத்தின் உச்சியில் வரும் பெரிய படத்துக்கு பேக்ரவுண்டே வேண்டாம் என்பது என் கட்சி. சிஎஸ்எஸ் இறங்கிய பிறகுதான் அப்படி ஒரு படம் இருப்பதே உலாவிக்குத் தெரியும். பக்கத்திலேயே படத்தை வைக்கும் 'ஐஎம்ஜி' டேக் என்றால் பக்கத்தைப் படிக்கும்போதே இறக்கத் தொடங்கும். அதற்கு 'ஆப்ஜெக்ட்-ஃபிட்: கவர்' கொடுத்தால் அதே தோற்றம்தான். ஒரே படத்தின் வெவ்வேறு அகலங்களை 'எஸ்ஆர்சிசெட்'டில் அடுக்கினால் உலாவியே பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும்; பிக்சல்பித்தன் சொன்ன நெட்டுப் படத்துக்கு, திரைக்கு ஏற்ப வேறு படத்தைக் காட்டும் 'பிக்சர்' டேக். எதுவானாலும் அடியில் படத்தின் நிறத்தை ஒட்டிய 'பேக்ரவுண்ட்-கலர்' ஒன்று இருக்கட்டும். படம் வரத் தாமதமானால் வெள்ளை எழுத்து வெள்ளையிலேயே கரைந்துவிடும்.