மறு: புரோட்டோகாலுக்குத் தமிழ்ல என்ன போடுறது?

டீச்சர்:
வணக்கம். சனிக்கிழமை சுங்கை சிப்புட்ல ஆறாம் படிவப் பிள்ளைங்களுக்கு வினையூக்கிப் (வேதிவினையை வேகப்படுத்துற பொருள்) பட்டறை, வியாழக்கிழமை கையேடு அச்சுக்குப் போவணும், ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். ஊக்கியா இருக்குற ஒரே வனேடியம் ஆக்சைடை ரெண்டு ஆய்வுக்கூடத்துல சோதிச்சா ரெண்டு விதமா எண் வரலாம், ஏன்னா வாயு ஓட ஓட ஊக்கியே மாறிக்கிட்டு இருக்கும், ஒருத்தர் முதல் மணி நேரத்துலயே அளந்திருப்பாரு, இன்னொருத்தர் அது நிலைக்கு வர்ற வரைக்கும் காத்திருப்பாரு. அதனாலதான் 2020ல பெர்லின் ஃபிரிட்ஸ் ஹாபர் ஆய்வகத்துக்காரங்க ஊக்கி ஆய்வுக்குன்னே கையேடுங்க வேணும்னு எழுதினாங்க. எப்படிச் சூடேத்துறது, எவ்வளவு நேரம் விடுறது, கடைசியில முதல் வெப்பநிலைக்கே திரும்பி வந்து ஊக்கி தளர்ந்துடுச்சான்னு பாக்குறது, எல்லாம் வரிசையா இருக்கணும், அதைத்தான் புரோட்டோகால்ங்கிறாங்க. 'நெறிமுறை'ன்னு போட்டா நன்னெறிக் கல்வியான்னு கேக்குறாங்க.

ஐயா:
வரன்முறை போடுங்கம்மா. வரல் + முறை. கல் + மலை கன்மலை ஆன மாதிரி லகரம் னகரமாச்சு. ஒன்றன்பின் ஒன்றாக வரும் முறை, உங்களுக்கு வேண்டியதே அதுதானே. வேதியியலார் பெர்சிலியஸ் 1835ல வைத்த 'கேட்டலிசிஸ்' என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் 'அவிழ்த்தல்' என்று பொருள், நாம் 'ஊக்கி' என்றோம், நம்முடையதுதான் பொருத்தம். சொல் தேடினால் கிடைக்கும்.

தம்பி (லேப்):
ஐயா, வரன்னா பிள்ளைங்களுக்கு மாப்பிள்ளைதான் ஞாபகம் வரும். வரைமுறைன்னு போடுங்க, வீட்டுல அம்மா திட்டும்போதே காதுல விழுந்த சொல்லு.

ஐயா:
தம்பி, தொல்காப்பியத்தில் வரைவு என்றாலே திருமணம்! அதுவும் அங்கேதான் போய் நிற்கும். தவிர, வரை என்றால் எல்லை. எல்லை வேறு, வரிசை வேறு.

அக்கா:
புரோட்டோகால்னே விட்டுடுங்களேன். எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவரு. ஸ்டோர்ல மெட்ரோலாக் (பால்ல ரப்பர் எவ்வளவுன்னு காட்டுற மிதவைக் கருவி) வச்சு பால் பாப்பாங்க, நுரையை ஒதுக்கிட்டுத்தான் அளவு படிக்கணும், ஒரு தோட்டத்துல கிராணி (கணக்கெழுதுறவரு) அவசரத்துல நுரையோட படிச்சு அப்பாவுக்குக் கணக்கு கொறஞ்சிடுச்சு, அன்னிக்கு ராத்திரி அவரு சாப்பிடல. கருவி ஒண்ணுதான், படிச்ச விதம்தான் தப்பு. 1965ல எஸ்எம்ஆர்ங்கிற மலேசிய ரப்பர் தர முறை வந்தப்பவும் கண்ணால பாத்து ரப்பரைத் தரம் பிரிச்சதை விட்டு தூசி எவ்வளவு, சாம்பல் எவ்வளவுன்னு அளந்தாங்க. மெட்ரோலாக்குக்கு யாரும் தமிழ் தேடல, ஆனா எல்லாருக்கும் புரிஞ்சுச்சு.

டீச்சர்:
அக்கா, அந்த நுரைக் கதையை முதல் பக்கத்துல போட்டுக்கிறேன். தனியா எழுதுனவங்களையும் சேத்து நாலு பேரு வரைமுறைன்னு சொல்லிட்டாங்க, அதையே போட்டு அனுப்பிட்டேன், முதல் எடத்துல மட்டும் பக்கத்துலயே புரோட்டோகால்னு இருக்கும். ஐயா கோவிச்சுக்காதீங்க.

ஐயா:
கோபமில்லையம்மா. வரன்முறைதான் சரி. அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும்முன் ஒரு வரி எழுதுங்கள்.