வகுப்பு முடிந்தபின் வீடு தேடி வந்தவர்கள்: உங்கள் வழிகாட்டி அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஓய்வுக்கணக்கர்:
வங்கியில் 31 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். நாலு வருடமாக ஒரு தொண்டு அமைப்பின் தொழில் வகுப்பில் சம்பளமில்லா வழிகாட்டி. ஆறு ஞாயிறு பாடம் நடக்கும். அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு ஆளுக்கு நாலு குடும்பம் எங்கள் பொறுப்பு. பஸ் காசு தருவார்கள். அது டீக்கடையோடு சரி.

மகள் வீட்டுக்கு அமெரிக்காவில் அயோவா போயிருந்தபோதுதான் 'ஆனிஸ் ப்ராஜெக்ட்' பற்றிக் கேள்விப்பட்டேன். விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்கான வகுப்பு. 2003-இல் இல்லினாய் மாநிலத்தில் ரூத் ஹாம்பிள்டன் என்ற வேளாண் விரிவாக்க அலுவலர், பண்ணை நடத்திய தன் அம்மாவின் நினைவாகத் தொடங்கியது. விளைச்சல், விலை, பணம், சட்டம், ஆட்கள் என்று ஐந்து வகை ஆபத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார்கள். இங்கே நாங்களும் அந்த ஐந்தைத்தான் கையில் எடுத்தோம்.

எனக்குக் கொடுத்த முதல் குடும்பம், மூன்று கறவை மாடு வைத்திருந்த ஓர் அம்மா. மாத வரவு செலவுப் படிவம் ஒன்றை அழகாக அச்சடித்துக் கொண்டுபோனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுல செவ்வாக்கெழமை எங்க இருக்கு?" என்றார்.

பால் பணம் பத்து நாளைக்கு ஒருமுறை வருகிறது. குழுக்கடன் தவணையோ ஒவ்வொரு செவ்வாயும் கட்ட வேண்டும். மாதக் கணக்கில் பார்த்தால் லாபம்தான். ஆனால் மாதத்தில் இரண்டு செவ்வாய் கையில் காசு இருக்காது. அன்றைக்குத் தண்டல்காரரிடம் போவார், அவர் நூற்றுக்குப் பத்து பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். லாபம் முழுக்க அந்த வழியாகவே போய்க்கொண்டிருந்தது. படிவத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் பால் பணம் வரும் நாளையும் தவணை நாளையும் இரண்டு நிற மையால் வட்டமிட்டோம். கிடாரி கன்றை வைத்துக்கொண்டு காளைக்கன்றை விற்று, இரண்டு தவணைப் பணத்தைத் தனியாகப் போட்டுவைத்தது அவருடைய யோசனை. நான் சொல்லவில்லை.

உங்களுக்கு யார் வந்தார்கள்? நல்லதோ கெட்டதோ எழுதுங்கள்.

மஞ்சக்காடு:
ஈரோட்டுப் பக்கமுங்க. 2010 கடைசியில மஞ்சள் குவிண்டால் பதினாறாயிரத்துக்கு மேல போச்சுங்க. எங்க மாமனார் இன்னும் ஏறும்னு இருப்பு வெச்சாரு. ரெண்டு வருசத்துல நாலாயிரத்துக்கும் கீழ வந்திருச்சு. அந்த மூட்டைய வித்த அன்னிக்கு வீட்ல யாரும் சாப்படலைங்க.

வீட்டுக்காரர் தவறுனதுக்கப்புறம் காடு எங்கைக்கு வந்துச்சு. வகுப்புல எனக்குக் குடுத்தவரு ஒரு ரிட்டயர்டு வாத்தியாருங்க, மஞ்சளப் பத்தி ஒண்ணுமே தெரியாது. அதுவே நல்லதாப் போச்சு. "என்ன வெலைக்கு வித்தா உங்க அசல் வரும்?"னு கேட்டாரு. முப்பது வருசமா மஞ்ச போடற குடும்பம், பதில் தெரியலைங்க. வெதைக்கெழங்கு, வெட்டுக்கூலி, வேக வெக்கறது, பாலீசு, வண்டி வாடகைன்னு ரெண்டு சாயங்காலம் உக்காந்து எழுதுனோம். தோட்டத்துல நான் பாக்கற வேலைக்குக் கூலி போட மாட்டேன்னு சண்டை போட்டேன். அவரு விடலைங்க, போட வெச்சாரு.

இப்ப விரலி மஞ்சள மூணு பங்காப் பிரிச்சு மூணு தடவையா விக்கறேன். அவசரம்னா ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல மூட்டைய வெச்சுப் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கறேன், மதிப்புல முக்கால் பங்கு வரைக்கும் குடுக்கறாங்க. உச்ச வெலை ஒரு தடவையும் எனக்குக் கெடைக்கலைங்க. அடிமட்ட வெலையிலயும் மொத்தமா மாட்டிக்கல.

பேராவூரணி தென்னை:
நம்ம கதை வேற. எனக்கு வந்தவர் ஓய்வு பெற்ற வேளாண்மை அலுவலர். 2017-ல தோப்பச் சுத்தி வந்து மரத்தை எண்ணினார், 210. "தென்னைக்குக் காப்பீடு இருக்கே, தெரியுமா?"ன்னார். பதினாறுலேர்ந்து அறுபது வயசு வரைக்கும் உள்ள மரத்துக்குப் பிரீமியம் 14 ரூபாய். அதுல பாதி தென்னை வளர்ச்சி வாரியம், கால் பங்கு மாநில அரசு. நம்ம கைக்காசு மரத்துக்கு மூணரை ரூபாய். மொத்தத் தோப்புக்கும் 735.

சிரிச்சேன். "அய்யா, எங்க தாத்தா வச்ச மரம், எந்தக் காத்துக்கும் அசையாது"ன்னேன். காப்பீட்டு விண்ணப்பப் பாரத்தை அலமாரி மேல போட்டாச்சு.

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல். 160 மரம் விழுந்துச்சு. மரத்துக்கு 1,750 காப்பீடுன்னு மனசு தானா கணக்குப் போடுது, ரெண்டு லட்சத்து எண்பதாயிரம். அந்த நேரத்துல அந்தக் கணக்கு எதுக்குன்னு தெரியல, ஆனா நிக்காம ஓடுது.

அஞ்சாம் நாள் அவர் சைக்கிள்ல வந்தார். "அப்பவே சொன்னேனே"ன்னு ஒரு வார்த்தை வரல. "மரம் அறுக்க ஆள் சொல்லிட்டியா? நிறுத்து. மொதல்ல படம் எடு, கிராம நிர்வாக அலுவலரை வச்சு எண்ணிக்கை எழுது"ன்னார். அரசாங்க நிவாரணம் மரத்துக்கு 600, அப்புறப்படுத்த 500, ஆக 1,100 வந்தப்போ எங்க எண்ணிக்கையில தகராறே வரல. பக்கத்துத் தோப்புக்காரர் அவசரப்பட்டு அறுத்து ஏத்திட்டார், அவர் அலைஞ்ச அலைச்சல் ஊருக்கே தெரியும்.

இப்ப நானும் வழிகாட்டியாப் போறேன். அலமாரி மேல என்ன பாரம் கெடக்குன்னுதான் மொதல்ல கேப்பேன்.

செக்கெண்ணெய்:
எனக்கு நல்லதும் கெட்டதும் நடந்தது. முதலில் வந்தவர் ஒரு பெரிய கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்தவர். நல்ல மனிதர், ஆனால் எதுவும் சின்னதாக இருந்தால் அவருக்குப் பிடிக்காது. பாட்டில் நிரப்பும் மெஷினுக்குக் கடன் வாங்க வைத்தார், ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்குப் போட வைத்தார். பணம் 90 நாள் கழித்து என்றார்கள், அதுவும் வரவில்லை. நிலக்கடலை வியாபாரி வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து வந்தவர் ஒரு கணக்காளர் அக்கா. சிறு தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். ஆனால் சரக்குக் கொடுத்தபோது எனக்கு உத்யம் என்ற அரசின் சிறு தொழில் பதிவு இல்லை, பழைய பாக்கிக்கு அது கைகொடுக்கவில்லை. இலவசப் பதிவுதான், ஒரு மதிய நேரத்தில் முடிந்துவிட்டது. அதை முதலாமவரே சொல்லியிருக்கலாம். அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு அது தேவைப்பட்டிருக்காது போல.

நெல்லைக்காரி:
எங்கூருக்கு வந்தவரு ரெண்டாவது வாரமே பாலிசி பாரத்த நீட்டிட்டாரு. ஆபத்து மேலாண்மைன்னு வகுப்பு எடுத்ததே அதுக்குத்தான்னு அப்புறம்தான் தெரிஞ்சது. பேங்க்லயே வருசம் 20 ரூபாய்க்கு ரெண்டு லட்சம் விபத்துக் காப்பீடு இருக்குங்கத அவரு மூச்சு விடல. இதையும் எழுதணும்லா?

ஓய்வுக்கணக்கர்:
கட்டாயம் எழுத வேண்டும். எங்களிடம் மூன்று விதி இருக்கிறது: எதையும் விற்கக் கூடாது, ஜாமீன் போடக் கூடாது, பணம் கொடுக்கல் வாங்கல் கூடாது.

மூன்றாவதை நான் மீறியிருக்கிறேன். இட்லிக்கடை வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு, பையன் பள்ளிக்கூடக் கட்டணம் என்றதும் ஐயாயிரம் கொடுத்தேன். திருப்பிக் கேட்கவே இல்லை. ஆனால் அதற்கப்புறம் நான் தெருவில் வந்தால் அவர் உள்ளே போய்விடுவார். எட்டு மாதம் சேர்ந்து எழுதிய கணக்கு நோட்டு அதோடு நின்றது. பணம் போனதில் வருத்தமில்லை. இப்போதும் அந்தக் கடை வழியாகப் போகாமல் சுற்றித்தான் போகிறேன்.

புதுசு:
எங்க வீட்டுக்கு வர்ற ஞாயித்துக்கெழமை ஒருத்தங்க வர்றாங்க. தையல் கடை. என்ன எடுத்து வைக்கணும்?

பேராவூரணி தென்னை:
கடன் தவணை எழுதற அட்டை எல்லாத்தையும் வை தங்கச்சி. வீட்டுக்காரருக்குத் தெரியாம வாங்கினது இருந்தா அதையும் சேத்து.

மஞ்சக்காடு:
மோரும் வெய்யுங்க. பஸ் ஏறி வருவாங்க.