சொன்னேன், சொல்லவில்லை: சின்னக் கடையில் ஆர்டர்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தேக்கா_தையல்காரி:

வணக்கம். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் சின்னதாக ஒரு தையல் கடை நடத்துகிறேன். ரவிக்கைதான் முக்கியம், சுடிதாரும் உண்டு. கடையில் மூன்றே பேர். நான், தஞ்சாவூர்க்காரரான கட்டிங் மாஸ்டர், மதியத்துக்கு மேல் வந்து ஹெம்மிங், கொக்கி, ஃபால்ஸ் எல்லாம் பார்த்துக்கொள்ளும் ஒரு மலாய்க்கார அம்மா, மாச்சிக் என்றுதான் கூப்பிடுவோம்.

போன மாதம் நடந்ததைச் சொன்னால் பிரச்சினை புரியும். பொங்கோலிலிருந்து வரும் ஒரு வாடிக்கையாளர், நிச்சயதார்த்தத்துக்குக் காஞ்சிப்பட்டு ரவிக்கை கொடுத்தார். அளவு எடுத்தாகிவிட்டது. கழுத்து மாடல் மட்டும் படமாக அனுப்புகிறேன் என்று சொல்லி, அன்று இரவே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நானும் பார்த்தேன், கட்டைவிரல் போட்டேன். ஒன்பது நாள் கழித்து மாஸ்டர், "பின் கழுத்து என்னம்மா?" என்று கேட்டபோது போனைத் திறந்தால் படத்தைக் காணோம். அந்தப் பெண்ணின் போனில் செய்திகள் ஏழு நாளில் தானாக மறையும்படி வைத்திருக்கிறார். ஒருவர் வைத்தால் இரண்டு பக்கமும் மறைந்துவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்போதே கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கடையில் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "பானைக் கழுத்துதான் மாஸ்டர், ஆறு அங்குலம்" என்று நினைவிலிருந்து சொல்லிவிட்டேன். அவர் கேட்டதோ சதுரக் கழுத்து. சேலையோடு சேர்ந்து வந்த ரவிக்கைத் துண்டு அது, கடையில் வாங்கி ஈடுகட்ட முடியாது. தையல் கூலி 45 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன், நிறம் ஒத்துப்போகிற வேறு துணி வாங்கி என் செலவில் தைத்தும் கொடுத்தேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அம்மாதான் அந்தப் பானைக் கழுத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இன்னொரு தொல்லை "அக்கா, ரெடியா?" ஒரு சனிக்கிழமை எண்ணிப் பார்த்தேன். வந்த 31 செய்திகளில் 19 இதுதான். ஒவ்வொன்றுக்கும் மெஷினை விட்டு எழுந்து, ஸ்டாண்டில் தேடி, மாஸ்டரிடம் கேட்டு, பதில் போட்டு உட்கார்ந்தால், விட்ட இடத்தில் நூல் வேறு அறுந்திருக்கும். ராத்திரி 11 மணிக்கும் வருகிறது.

தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. சிராங்கூன் சாலையில் விளக்கு போட்டுவிட்டால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆள் வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லாதீர்கள், வாடகை கட்டவே சரியாக இருக்கிறது. வேலை ஒழுங்காக ஓட நீங்கள் கடைப்பிடிக்கிற சின்னப் பழக்கம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

ஈசூன்_சமையல்:

தங்கச்சி, நான் கேட்டரிங் தொழிலில் இருக்கிறேன். உங்களுக்குக் கழுத்து, எங்களுக்கு மணி.

"ஞாயிற்றுக்கிழமை 12 மணிக்கு 50 பேருக்குச் சாப்பாடு" என்பார்கள். வாடிக்கையாளர் கணக்கில் 12 மணி என்றால் இலை போட்டு உட்காரும் நேரம். என் லாரி ஓட்டுநர் கணக்கில் புளோக்குக்குக் கீழே வண்டி நிற்கும் நேரம். ஒரு புதுமனைப் புகுவிழாவில், லிஃப்ட் நிற்காத மாடி என்று தெரியாமல் போய், பிரியாணி அண்டாவை ஒரு மாடி படியேறித் தூக்கி, பரிமாறும்போது 12:40. பெரியவர்கள் சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த வீட்டிலிருந்து அதற்குப் பிறகு எனக்கு ஆர்டர் வரவில்லை, வரவும் வராது.

முன்கூட்டியே சமைத்துக் கொண்டுபோய் வைத்துவிடலாமே என்பீர்கள். அதுவும் நடக்காது. சமைத்த நேரம் போட்ட ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அதிலிருந்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பந்தி 12-க்குத் தொடங்கி 2:30 வரை போகும் வீட்டில் இந்த நான்கு மணி நேரம் சட்டென்று கரைந்துவிடும்.

அதனால் இப்போது "எத்தனை மணிக்கு வேண்டும்?" என்று கேட்பதே இல்லை. முதல் ஆள் எத்தனை மணிக்குத் தட்டு எடுப்பார்? லிஃப்ட் உங்கள் மாடியில் நிற்குமா? கீழே வந்து வாங்கிக்கொள்பவர் யார், அவர் எண் என்ன? இந்த மூன்றைத்தான் கேட்கிறேன். பதிலை எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். "சரி" என்று அவர் சொல்ல வேண்டும். "ம்" என்றால் மறுபடி படிப்பேன். என் மனைவி இதைக் கேட்டுக் கேட்டுக் கிண்டல் செய்கிறாள்.

உங்கள் கதையில் போன் படத்தை அழித்தது ஒரு பக்கம். நினைவிலிருந்து சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் துணி போனது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அப்படிச் செய்தவன்தான்.

செய்திகளுக்குப் பதில் போடுவது காலை 10:30, மாலை 4:30, இரண்டே வேளை. அவசரம் என்றால் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். ஆரம்பத்தில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார்.

பொங்கோல்_பையன்:

அக்கா, இதற்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம்தான். ஒவ்வொரு உரையாடலுக்கும் லேபல் போடலாம்: "துணி வந்தது", "வெட்டியாச்சு", "ரெடி". கடை மூடிய பிறகு வரும் செய்திக்குத் தானாகப் பதில் போகும்படியும் வைக்கலாம். என் தங்கை வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிறாள், முழுக்க கூகல் ஷீட்டில்தான் ஓடுகிறது. ஆர்டர் ஒரு வரி, தேதி ஒரு பத்தி, ரெடியானால் பச்சை. போனிலேயே பார்க்கலாம். நீங்களும் மாஸ்டரும் மாச்சிக்கும் ஆளுக்கொரு போனில் ஒரே பட்டியலைப் பார்க்கலாமே.

மறையும் செய்தியை அந்த உரையாடலுக்குள் போய் நீங்களே நிறுத்தலாம். அதைவிட, படம் வந்தவுடன் போனில் சேமித்துவிடுங்கள்.

பழைய_கணக்கர்:

தம்பி சொல்வதில் தவறில்லை. ஆனால் அவருடைய தங்கை ஒருவரே மாவும் பிசைகிறார், அவரே ஷீட்டையும் பார்க்கிறார். இங்கே மூன்று பேர், இரண்டு மொழி. கையில் சுண்ணக்கட்டியும் கத்தரியும் இருக்கும் மாஸ்டர் வெட்டுவதற்கு முன் போனைத் திறப்பாரா?

சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதியே என் காலம் போனது. நான் பார்த்தவரையில் தகராறு எல்லாம் ஒரே விஷயத்தில்தான். ஆர்டர் ஓர் இடத்தில், துணி ஓர் இடத்தில், பணம் ஓர் இடத்தில் இருக்கும், மூன்றையும் கட்டும் கயிறு இருக்காது. அச்சிட்ட எண்ணோடு வரும் கார்பன் பில் புத்தகம் வாங்குங்கள். அந்த எண்தான் கயிறு. மேல்தாள் வாடிக்கையாளருக்கு, நகல் உங்களுக்கு. அதே எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் துணியில் குத்துங்கள். போன் வழியாகப் பேநவ்வில் பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் அதே எண்ணைப் போடச் சொல்லுங்கள். "அக்கா நான் அனுப்பிவிட்டேனே" என்பது அத்தோடு முடியும்.

பேநவ் என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணுக்குத்தான் பணம் வருகிறதா? 2018-லிருந்து வியாபாரக் கணக்குக்கும் யூஇஎன் என்ற வியாபாரப் பதிவு எண்ணை வைத்து பேநவ் வாங்கலாம். கடைக் காசும் வீட்டு மளிகையும் ஒரே கணக்கில் கலந்தால் வரி கட்டும் நேரத்தில் நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும், அதைப் பிரித்தெடுத்தவன் நான். வியாபாரப் பதிவுகளைக் குறைந்தது 5 வருடம் வைத்திருக்க வேண்டும், அதனால் பில் நகல்களை எறியாதீர்கள். கார்பன் மங்கும், மாதக் கடைசியில் ஒரு முறை படம் எடுத்துவிடுங்கள்.

கேட்காததையும் சொல்கிறேன், பழக்கதோஷம். மாச்சிக் பகுதி நேரம்தான் என்றாலும் சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும், சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும் கொடுக்க வேண்டும். கொடுக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

தேக்கா_தையல்காரி:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத ஐந்து வாரமாகிவிட்டது, அதற்கே மன்னிக்க வேண்டும். சம்பளச் சீட்டு கொடுக்கிறேன் ஐயா. ஆனால் பேநவ் என் சொந்த எண்ணில்தான் இருந்தது, போன வாரம்தான் மாற்றினேன்.

பொங்கோல் தம்பி, கோபித்துக்கொள்ளாதே, ஷீட் நான்கு நாள்தான் தாங்கியது. எண்ணெய்க் கையோடு போனைத் தொட மாஸ்டருக்கு மனசில்லை. நான் ராத்திரி உட்கார்ந்து பச்சை அடித்தேன், மறுநாள் மறந்தேன். உன் தானியங்கிப் பதிலை மட்டும் பிடித்துக்கொண்டேன். இரவு 8 மணிக்கு மேல் யார் கேட்டாலும், "கடை மூடியாச்சு, காலை 10 மணிக்குப் பில் எண்ணைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று போகிறது. முதல் ராத்திரி அது பாட்டுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தபோது, எனக்கு என்னவோ தப்பு செய்கிற மாதிரி இருந்தது.

பில் புத்தகம்தான் நிலைத்தது. மாடலைச் சொல்லில் எழுதாமல் பில்லிலேயே படமாக வரைகிறோம். முன்பக்கம் ஒரு சட்டை, பின்பக்கம் ஒரு சட்டை, குழந்தை வரைந்த மாதிரிதான் இருக்கும். கழுத்தை வரைந்து பக்கத்தில் அங்குலம், கொக்கி முன்னாலா பின்னாலா என்று மூன்று புள்ளி, லைனிங் என்றால் உள்ளே இன்னொரு கோடு. மாச்சிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, எனக்கு மலாய் எழுத வராது, படம் எல்லாருக்கும் புரிகிறது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறேன் என்பவர்களிடம், "இங்கேயே காட்டுங்கள், வரைந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிடுகிறேன். பில்லைப் போனில் படம் எடுத்து அவருக்கு அனுப்பி, "சரி" என்று வந்த பிறகுதான் துணி மாஸ்டர் மேசைக்குப் போகும். ஈசூன் அண்ணன் சொன்ன அதே "சரி". எனக்கும் "ம்" வருகிறது.

ஸ்டாண்டை இரண்டாகப் பிரித்தது மாச்சிக். என் யோசனை இல்லை. கம்பியின் நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டி, வலது பக்கம் "சுடா", இடது பக்கம் "பெலும்" என்று மலாயில் அட்டை தொங்கவிட்டார். முடிந்தது வலது, முடியாதது இடது. இப்போது "ரெடியா?" என்று செய்தி வந்தால், "பில் எண்?" என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையைத் திருப்பிப் பார்க்கிறேன்.

இரண்டு வேளை பதில் என்பது எனக்குச் சரிவரவில்லை. சனி, ஞாயிறு கடைக்குள் ஆள் நிற்கும்போது 4:30 எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரிவதில்லை. செவ்வாய் முதல் வெள்ளி வரை ஓடுகிறது. வார இறுதிக்கு வேறு வழி யோசிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. தீபாவளிக்கு 12 நாளுக்கு முன்னால் புது ஆர்டரை நிறுத்திவிடுகிறேன் என்று பலகை எழுதி வைத்தேன். எழுதிய மறுநாளே என் சொந்த நாத்தனார் மூன்று துணியோடு வரட்டுமா என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். பில் போட்டுத்தான் வாங்கினேன்.

முந்தாநாள் அந்தப் பொங்கோல் அம்மா வந்தார். பழைய சேலை ஒன்று, அவருக்கே ரவிக்கை வேண்டுமாம். நான் பில்லில் கழுத்தை வரைந்து திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, நான் வளைவாக விட்டிருந்த இரண்டு மூலைகளையும் அழுத்தி அழுத்திச் சதுரமாக்கினார். கார்பனில் நகல் வரைக்கும் பதிந்துவிட்டது. பில் எண் 214. மாஸ்டர் நாளைக்கு வெட்டுகிறார்.

ஈசூன்_சமையல்:

தங்கச்சி, அந்த "பெலும்" அட்டையை நானும் எடுத்துக்கொள்கிறேன், என் சமையற்கூடத்துக்கு ரொம்பத் தேவை. அச்சிட்ட எண்ணோடு கார்பன் பில் புத்தகம் எங்கே வாங்கினீர்கள்? நான் கேட்ட கடையில் எண் இல்லாததுதான் இருக்கிறது.

தேக்கா_தையல்காரி:

நானும் எண் இல்லாததுதான் வாங்கினேன் அண்ணா. ராத்திரி உட்கார்ந்து 1 முதல் 300 வரை கையால் எழுதினேன். 187 இரண்டு முறை வந்துவிட்டது, அது மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.