கைத்தறி மிச்ச நூலில் ஊசிப்பின்னல்: சரிவருமா, வீண் பாடா?

நூல்கண்டு (களுவாஞ்சிகுடி):

மூன்று வருடமாகக் கொக்கி ஊசியால் குரோஷே போடுகிறேன். மேசைவிரிப்பு, பை, குழந்தைச் சப்பாத்து எல்லாம் கைக்கு வரும். இப்போது இரண்டு ஊசிப் பின்னல் பழக ஆசை. மருதமுனையில் தறி வைத்திருக்கும் வீடொன்றிலிருந்து மிச்ச நூல் ஒரு சாக்கு கிடைத்தது. எல்லாம் பருத்தி. உள்ளே கிடந்த துண்டில் 2/40 என்று எழுதியிருந்தது. அம்மம்மாவின் பெட்டிக்குள் 8ஆம் நம்பர் அலுமினிய ஊசி ஒரு சோடி. இணையத்தில் எடுத்த கையில்லாத மேற்சட்டை மாதிரியிலும் 8ஆம் நம்பர் ஊசி என்றே இருந்தது. சரி, எல்லாம் பொருந்திவிட்டது என்று 16 இழையை ஒன்றாகப் பிடித்துத் தொடங்கினேன்.

வந்தது துணியல்ல, பலகை. முன்னும் பின்னும் சேர்த்து 180 கண்ணிக்கு, அதாவது 180 நூல் வளையத்துக்கு, 100 சென்ரிமீற்றர் வரவேண்டும், அளந்தால் 82. அதோடு ஊசி நுனி ஒவ்வொரு தடவையும் இழைகளுக்கு நடுவே குத்திக்கொண்டு போகிறது. நாலு இழை ஊசியில், மிச்சம் பன்னிரண்டும் கீழே தொங்குகிறது. கண்ணி எது பிசிர் எது என்று தெரியவில்லை. இந்த நூலை மூட்டை கட்டி வைத்துவிட்டு அக்ரிலிக் வூல் வாங்கட்டுமா? தங்கச்சியின் பிள்ளைக்கு ஒரு தொப்பியும் பின்ன வேண்டும்.

கச்சான்காற்று:

வாங்குங்கள், இன்றைக்கே. புதிதாய் ஊசி பிடிக்கிறவருக்குப் பருத்தி தண்டனை. பருத்திக்கு இழுவை கிடையாது. உங்கள் கை ஒரு கண்ணியை இறுக்கி, அடுத்ததைத் தளர்த்தினால் அக்ரிலிக் கொஞ்சம் நீண்டு சுருங்கி அதை மறைத்துவிடும். பருத்தி அப்படியே காட்டிக்கொடுக்கும். குரோஷேயில் ஒரு நேரத்தில் ஒரு கண்ணிதான் மூடாமல் உயிரோடு இருக்கும், அதனால் இது உங்களுக்கு இதுவரை தெரியாமல் போயிருக்கலாம். ஊசியில் 90 கண்ணி ஒரே நேரத்தில் உயிரோடு நிற்கும். பத்துத் தரம் பிரித்தாலும் தாங்குகிற மலிவு வூலில் கை பழகட்டும். வெளிர் நிறம் எடுங்கள், கறுப்பு வேண்டாம். இரவில் கண்ணியே தெரியாது.

தறிக்காரன்மகன் (மருதமுனை):

மன்னிக்க வேண்டும், கச்சான்காற்று. இந்த வெயிலில் யார் அக்ரிலிக் மேற்சட்டை போடுவது? நீங்கள் நுவரெலியாவிலிருந்தா எழுதுகிறீர்கள்? பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் ஈரம் பிடித்து வைக்கும், அக்ரிலிக்குக்கு அது 1.5 அளவில்தான். வியர்வை எங்கே போகும்?

அக்கா, நூலில் பிழையில்லை, சேர்த்த விதத்தில்தான் பிழை. கணக்கைப் பாருங்கள். 2/40 என்றால் 40ஆம் நம்பர் நூல் இரண்டை முறுக்கியது, அதாவது 20ஆம் நம்பருக்குச் சமம். ஒரு இறாத்தலில் 840 யார் நீளச் சிட்டம் (நூல் கட்டு) இருபது. 100 கிராமுக்கு ஏறக்குறைய 3390 மீற்றர் வரும். 16 இழை சேர்த்தால் 212 மீற்றர். கடையில் நடுத்தர வூல் உருண்டையில் 100 கிராமுக்கு 200 மீற்றரை ஒட்டித்தான் போட்டிருப்பான். ஆகத் தடிப்பு சரி.

ஆனால் 16 இழையை முறுக்கு இல்லாமல் சும்மா பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் அது நூலல்ல, விளக்குமாறு. ராட்டையில் ஏற்றி மெல்ல முறுக்க வேண்டும். அதிலும் ஒன்று கவனியுங்கள்: நூல் ஏற்கெனவே எந்தப் பக்கம் முறுகியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டும். அதே பக்கம் முறுக்கினால் பின்னிய துணி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு போகும், சதுரம் போட்டால் சாய்சதுரம் வரும். மறுகா, பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) கலந்திருந்தால் அதில் கஞ்சி இருக்கும். முதலில் சுடுதண்ணீரில் ஊறவைத்து அலசிக் காயப்போடுங்கள். என்னிடம் ராட்டை இருக்கிறது, கல்முனைப் பக்கம் வந்தால் உம்மாவே முறுக்கித் தருவா.

சைக்கிள்கம்பி (ஏறாவூர்):

நூலைப் பற்றி இரண்டு பேரும் சண்டை பிடியுங்கள். 82 சென்ரிமீற்றருக்குக் காரணம் ஊசி. அம்மம்மாவின் 8 பழைய பிரிட்டிஷ் நம்பர், மாதிரியில் உள்ளது அமெரிக்க 8. பிரிட்டிஷ் நம்பர் வயர் கேஜ் போல, கூடக் கூட மெலியும். அமெரிக்க நம்பர் கூடக் கூடத் தடிக்கும். பழைய 8 என்றால் 4 மில்லிமீற்றர், அமெரிக்க 8 என்றால் 5. நான் வயரிங் வேலை செய்கிறவன், எங்கள் மேசையில் 8ஆம் கேஜ் கம்பியும் 4 மில்லிமீற்றர்தான். பழைய 10 என்றால் 3.25, பழைய 14 என்றால் 2. சைக்கிள் ஸ்போக் கம்பியும் அதே 2 மில்லிமீற்றர். சாமான் வராத காலத்தில் எங்கள் உம்மா நாலு ஸ்போக்கின் நுனியை அரத்தில் தேய்த்து, மெழுகு பூசி, குழந்தைச் சப்பாத்துப் பின்னியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நம்பரை மறந்துவிடுங்கள். மில்லிமீற்றர் மட்டும் கேளுங்கள்.

நூல்கண்டு:

ஐயோ. 10 சென்ரிமீற்றருக்கு 18 கண்ணி வரவேண்டிய இடத்தில் 22 வந்தது. இப்போது விளங்குகிறது. மிக்க நன்றி சைக்கிள்கம்பி காக்கா.

ஒல்லாந்தக்கோட்டை (மட்டக்களப்பு):

குரோஷேக்காரர் என்பதால் ஒரு வார்த்தை. நீங்கள் நூலை இடக்கையில் பிடித்தே பழகியவர். ஊசியிலும் இடக்கை முறையே சுகம், வலக்கையால் நூலைச் சுற்றி எறியும் ஆங்கில முறைக்குப் போகாதீர்கள். ஆனால் இடக்கை முறையில் பேர்ள் கண்ணி, அதாவது புரட்டிப் போடும் கண்ணி, கஷ்டம். அதற்குப் போர்த்துக்கேய முறை இருக்கிறது: நூலைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் பேர்ள் விழுந்துவிடும். போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை கட்டியவர்கள், அவர்கள் வழிவந்த நம் பறங்கியர் வீடுகளில் அந்த மொழி நேற்றுவரை இருந்தது. இந்தப் பின்னலும் அவர்களோடு வந்திருக்கத்தான் வேண்டும்.

கச்சான்காற்று:

முறை நல்லது, வரலாறு வேண்டாம். கழுத்தில் நூல் போட்டுப் பின்னுவது போர்த்துக்கலில் மட்டுமல்ல, எகிப்திலும் துருக்கியிலும் பெருவிலும் உண்டு. கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பத்து வருடத்தில் இங்கே பின்னல் வகுப்பு நடந்ததா? உங்கள் பெயரிலேயே ஒல்லாந்தக் கோட்டை இருக்கிறது! பறங்கியர் வீட்டில் யாராவது கழுத்தில் நூல் போட்டுப் பின்னியதை நேரில் பார்த்தவர் இருந்தால் எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அதோடு நம்மூரில் வைகாசி மாதம் கழுத்தில் நூலைச் சுற்றிப் பாருங்கள். வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். சட்டையில் தோளுக்குக் கீழே ஒரு கொக்கிப் பின் குத்தி, நூலை அதன் வழியாக விடுங்கள். அதுவும் அதே முறைதான்.

ஒல்லாந்தக்கோட்டை:

"வந்திருக்கலாம்" என்று மாற்றிக்கொள்கிறேன். பின் யோசனை நல்லது.

பேபிராத்தா (காத்தான்குடி):

தொப்பியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. என் பேத்திக்கு அக்ரிலிக்கில் ஒரு தொப்பி பின்னிப் போட்டேன். அழகுதான். சாயந்தரம் கழற்றிப் பார்த்தால் நெற்றி முழுக்க வேர்க்குரு. பருத்தியிலேயே போடுங்க மகள். ஊசி சரிவராவிட்டால் தொப்பியைக் குரோஷேயில் போட்டால் என்ன, குற்றமா?

அக்ரிலிக்கை அயர்ன் பண்ணவும் வேண்டாம். நான் சூடான பெட்டியை ஒரு தடவைதான் வைத்தேன், கண்ணியெல்லாம் சப்பையாகிப் பளபளத்துச் சேலைத்துண்டு போல தொங்கிவிட்டது. அது திரும்பாது.

சிவப்பு நூல் இருந்தால் சாயம் போகும். ஒரு கரண்டி வினாகிரி ஊற்றி ஊறவையுங்க.

தறிக்காரன்மகன்:

ராத்தா, வினாகிரி மட்டும் வேண்டாம். அது கம்பளிக்கும் பட்டுக்கும் போடுகிற சாயத்துக்குத்தான் உதவும், பருத்திச் சாயத்தைப் பிடித்து வைக்காது. தண்ணீர் தெளியும்வரை அலசுவதுதான் வழி. ஐந்து தடவை ஆகலாம், சிவப்பென்றால் எட்டு.

கச்சான்காற்று:

நல்லது, முறுக்கியாயிற்று, ஊசியும் 5 மில்லிமீற்றர் எடுத்தாயிற்று என்று வைப்போம். பருத்தி மேற்சட்டையின் பாரம்? முழுதாய்ப் பின்னினால் முன்னூற்றைம்பது கிராமுக்குக் குறையாது. நனைந்தால் இன்னும் கூடும். கொடியில் போட்டால் முழங்கால்வரை இறங்கும். இடுப்பில் ஒரு நிட் (நேர்க்கண்ணி) ஒரு பேர்ள் என்று இழுவை விளிம்பு போட்டால் அக்ரிலிக்கில் அது பிடிக்கும், பருத்தியில் ஒரு வாரத்தில் வாய் பிளந்து நிற்கும். இதற்கும் கணக்கு இருக்கிறதா, தறிக்காரன்மகனே?

தறிக்காரன்மகன்:

இருக்கிறது. மாதிரித் துண்டைப் பின்னி, அலசி, அதன் கீழ் விளிம்பில் உடுப்புக் கிளிப் நாலைந்து குத்தி ஒரு நாள் தொங்கவிடுங்கள். எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு குறைத்துப் பின்னுங்கள். விளிம்புக்கு இரண்டு அளவு மெல்லிய ஊசி. வட்ட ஊசியில் குழாய்போல ஒரேயடியாகப் பின்னாமல் முன், பின் தனித்தனியாகப் பின்னிப் பக்கம் தைத்தால் அந்தத் தையல் பாரத்தைத் தாங்கும். காயப்போடுவது பாயில், கொடியில் அல்ல.

கச்சான்காற்று:

இவ்வளவும் ஒரு ஆளின் முதல் உடுப்புக்கு! முறுக்கு, கஞ்சி, கிளிப், பாய். நான் சொன்னது கை பழகுவதற்கு மட்டும்தான். அக்ரிலிக்கில் ஒரு சால்வையோ குஷன் உறையோ போட்டுப் பழகிவிட்டுப் பருத்திக்கு வரட்டும். பின்னல் பிடிக்காமலே விட்டுவிட்டவர்களில் பாதிப்பேர் இப்படி கஷ்டமான நூலில் தொடங்கியவர்கள்தான் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

பேபிராத்தா:

இது சரி. நானும் அப்படித்தான் ஒருதரம் விட்டேன்.

நூல்கண்டு (இரண்டு வாரம் கழித்து):

எல்லோருடைய பேச்சையும் கேட்டேன், யாருடையதையும் முழுதாய்க் கேட்கவில்லை. கல்முனைக்குப் போனபோது ராட்டையில் ஒரு கால் கிலோ முறுக்கித் தந்தார்கள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள், ஒரு பை பின்னிக் கொடுத்தேன். வரும் வழியில் 5 மில்லிமீற்றர் மூங்கில் ஊசியும், மாம்பழ மஞ்சளில் ஒரு அக்ரிலிக் உருண்டையும் வாங்கினேன்.

ஒரு கிழமை அக்ரிலிக்கில் மட்டும் பின்னினேன். கச்சான்காற்று சொன்னது உண்மை. கண்ணி இரண்டு நாளில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. நிட் ஒரு கழுத்துப்பட்டை மடிப்புப் போலவும், பேர்ள் ஒரு மணி போலவும் இருக்கிறது. பின் குத்தி நூலை விட்டுப் பேர்ள் போட்டேன், குரோஷேயை விட வேகம். அந்தத் துண்டை இப்போது சட்டி பிடிக்க வைத்திருக்கிறேன்... இல்லை, சட்டிக்கல்ல, உருகும் என்று ராத்தா திட்டுவா. கண்ணாடிப் போத்தலுக்கு உறை.

பிறகு பருத்தி. முறுக்கிய நூல் பத்துத் தடவையில் ஒருதரம்தான் பிளக்கிறது. அலசிய துண்டை நாலு கிளிப்போடு ஒரு நாள் தொங்கவிட்டேன். 10 சென்ரிமீற்றர் 11.5 ஆனது. தொப்பியைப் பருத்தியிலேயே குரோஷேயில் முடித்துக் கொடுத்துவிட்டேன். பிள்ளை அதைக் கழற்றி எறிகிறது, அது வேறு.

கச்சான்காற்று:

பத்துக்கு ஒன்றரை கூடினால் 55 சென்ரிமீற்றர் சட்டை 63 ஆகும். அது சட்டையா, அங்கியா?

நூல்கண்டு:

அதனால்தான் 48க்குக் கணக்கு வைத்தேன், 55 ஆகட்டும். பின்பக்கம் 90 கண்ணி போட்டு ஏழாவது வரியில் நிற்கிறேன். மூன்றாவது வரியில் ஒரு கண்ணி விழுந்தது. குரோஷே ஊசியால் ஏணி ஏறுவதுபோல மேலே இழுத்துக்கொண்டுவந்துவிட்டேன்.

சைக்கிள்கம்பி:

ஊசி எத்தனையாம் நம்பர்?

நூல்கண்டு:

ஐந்து மில்லிமீற்றர், காக்கா!